இரண்டாவது கைப்பிடி

சத்தம் மாறியிருந்தது.

தெருக்குழாயில் குடம் நிறையக் காத்திருந்தபோதே சிவராஜ் அதைக் கேட்டுவிட்டான். குழாயிலிருந்து நான்காவது வீடு அவனுடையது. உள்ளே சம்பங்கி புளி மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த மிஷினுக்கு மூன்று வாரமாக ஒரு சத்தம் பழகியிருந்தது. டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டக். இன்று அந்தக் கொஞ்ச நேரம் பாதியாகக் குறைந்திருந்தது.

அவன் எட்டு வருடம் ஓசூர் கம்பெனியில் இரும்புத் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டியவன். பிரஸ் ஓட்டுகிறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் முதலில் பழகும்.

குடத்தை இடது இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சத்தம் நின்றது. உள்ளே போனான். சம்பங்கி இரண்டு கைகளையும் இரண்டு கைப்பிடிகளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றி வேர்த்திருந்தது.

"தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சு."

தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போனான். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டக். பழைய சத்தம்.

அவன் களிக்கு உலை வைத்தான்.

ஊர் மத்தூரிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர். பங்குனி மாதம். மரங்களை உலுக்கி முடித்திருந்தார்கள். எல்லா வீட்டுக்குள்ளும் புளிதான் இருந்தது. மண்டி வண்டி திங்கட்கிழமை வந்து கொட்டைப்புளி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போகும். சனிக்கிழமை வந்து கொட்டை எடுத்த புளியை எடை போட்டு எடுத்துப் போகும். இடையில் உள்ள நாட்களில் பெண்கள் உட்கார்ந்து தட்டுவார்கள். கீழே கல், வலது கையில் சுத்தி. இடது கை புளியைத் திருப்பித் திருப்பிக் கொடுக்கும். அடி விழுந்ததும் விரல் கொட்டையைப் பிதுக்கித் தள்ளும். நாள் முழுக்கத் தட்டினால் பன்னிரண்டு கிலோ. பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் மாதிரிக் கை என்றால் பதின்மூன்று.

சம்பங்கிக்குப் போன வருடமே விரல் நுனிகள் வெடித்துவிட்டன. புளிப்பு உள்ளே இறங்கியது. ராத்திரி விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு படுப்பாள். காலையில் துணி தோலோடு வரும். களியை விரலால் எடுத்துச் சாற்றில் தொடும்போது கண்ணை மூடிக்கொள்வாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, புளியைத் தொடவே கூடாது என்றார்.

"தொடாம எப்பிடிங்க தட்றது?" என்று கேட்டாள்.

டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

சிவராஜால் தட்ட முடியாது. அவன் வலது கையில் கட்டை விரலும் சுண்டு விரலும்தான் இருந்தன. நடுவில் மூன்றும் இல்லை. இரண்டு வருடம் ஆகிறது. 'மிஷினு ரிப்பேரு, தானா எறங்கிருச்சு' என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சம்பங்கியிடம் சொன்னான். கம்பெனி வைத்தியச் செலவு செய்தது. ஒரு தாளில் இடது கட்டை விரல் ரேகை வாங்கிக்கொண்டது. அதோடு முடிந்தது. அவன் ஊருக்கு வந்துவிட்டான். தண்ணீர் எடுத்தான், இரண்டு ஆடுகளை ஓட்டினான், களி கிண்டினான். பானை அசையாமல் கவட்டைக் கட்டையால் அழுத்தி, கட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு இடது கையால் கோலைச் சுற்றுவான். முதல் மாதம் கட்டி கட்டியாக வந்தது. இப்போது வருவதில்லை.

அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் சம்பங்கி கம்பெனிக்காரனைத் திட்டுவாள். "ரிப்பேரு மிஷின்ல ஆள குந்த வெச்சான் பாரு. அவன் கையி வெளங்காம போவ." சிவராஜ் எழுந்து ஆட்டைப் பார்க்கப் போய்விடுவான்.

மிஷினைக் கொண்டுவந்தவள் பிரியதர்ஷினி. பெங்களூரில் ஒரு சிறிய அமைப்பில் எஞ்சினியர். ஏழைகளுக்கு மலிவாகக் கருவி செய்வது அவர்கள் வேலை. செய்து கொடுப்பது இல்லை, சேர்ந்து செய்வது என்று அவள் சொன்னாள். சொந்த ஊர் தருமபுரி. அதனால் களி சாப்பிடுவாள். போன மாசி மாதத்திலிருந்து வியாழக்கிழமை தோறும் வந்தாள். சுவரோரம் உட்கார்ந்து பெண்கள் தட்டுவதை வரைந்தாள். பிறகு தானே தட்டிப் பார்த்தாள். அரை மணி நேரத்தில் விரலில் கொப்புளம் வந்தது.

முதலில் கொண்டுவந்த மிஷினுக்கு இடுப்பு உயரம் கால் இருந்தது. அடியில் வரி வரியாகச் சந்து விட்ட தகடு. மேலே மொட்டை முள் வைத்த தகடு. நடுவில் புளியை வைத்துக் கைப்பிடியை அமுக்கினால் முள் இறங்கிக் கொட்டையைச் சந்து வழியே தள்ளும். கரண்டு வேண்டாம். பெண்கள் நின்றுகொண்டு ஓட்டிப் பார்த்தார்கள்.

"நாளெல்லாம் நின்னுகினு இருந்தா முட்டி என்னாத்துக்கு ஆவும்?" என்றாள் சென்னம்மாள். அறுபது வயது. வீட்டில் தெலுங்கு. எதை எண்ணினாலும் ஒகட்டி, ரெண்டு, மூடு என்றுதான் எண்ணுவாள். "நாங்க பொறந்ததுலேர்ந்து குந்திக்கினு தட்றவங்கம்மா."

பிரியதர்ஷினி அன்றைக்கே மிஷினை டெம்போவில் போட்டு மத்தூர் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காலை அறுத்துக் கொண்டுவந்தாள்.

"கால வெட்டுன அப்பறம்தான் நம்ம சாதியில சேந்துச்சு," என்றாள் சென்னம்மாள்.

அடுத்த வாரமே சென்னம்மாளின் கட்டை விரல் நகம் உள்ளே மாட்டிப் பிய்ந்தது. ஒரே கைப்பிடி. ஒரு கை அமுக்கியது, இன்னொரு கை உள்ளே இருந்தது. பிரியதர்ஷினி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்ன பண்ணலாம்?" என்று எல்லோரையும் கேட்டாள். தகட்டை வலை போட்டு மூடலாம் என்றாள் ஒருத்தி. மூடினால் புளியை எப்படி வைப்பது என்றாள் இன்னொருத்தி. ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த சிவராஜ் திரும்பாமலே சொன்னான்.

"ரெண்டு கைப்பிடி வெய்யிங்க. ரெண்டும் அமுத்துனாத்தான் எறங்கணும். கை உள்ள போவாது."

பிரியதர்ஷினி எழுந்து அவனிடம் வந்தாள். "அண்ணா, இன்னொரு தடவ சொல்லுங்க."

அவன் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள். கீழே அவன் பெயரையும் எழுதினாள். அன்று சாயங்காலம் அவன் இரண்டு தரம் டீ குடித்தான். சம்பங்கி பார்த்தாள். இரண்டு வருடத்தில் அவனிடம் யாரும் எதையும் கேட்டு எழுதிக்கொண்டதில்லை.

புது மிஷின் சம்பங்கி வீட்டிலேயே இருந்தது. அவள் கைதான் மோசம். ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோ தாண்டினால் மிஷினை இந்த வீட்டுக்கே கொடுத்துவிடுவார்கள், தெருவுக்கு இன்னும் ஆறு செய்வார்கள். தாண்டாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். அமைப்புக்குப் பணம் கொடுக்கிற இடத்திலிருந்து இந்த வியாழக்கிழமை ஒருவர் வந்து பார்ப்பார், அன்றைக்கே முடிவு. தினமும் எத்தனை கிலோ என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லியிருந்தாள் பிரியதர்ஷினி. சம்பங்கி எழுதினாள். ஒன்பது. பத்து. ஒன்பதரை. பத்து. கை வெடிப்பு மட்டும் ஆறிக்கொண்டு வந்தது.

இந்தத் திங்கட்கிழமை பதினாறு என்று எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை சிவராஜ் ஆட்டைக் கட்டிவிட்டுப் பின்பக்கமாக வந்தான். செருப்பு இல்லாமல் வந்தான். டக், டக், டக். சம்பங்கியின் முதுகு தெரிந்தது. வலது கை கைப்பிடியில் ஏறி இறங்கியது. இடது கை தகடுகளுக்கு நடுவே புளியை வைத்தது, எடுத்தது, வைத்தது. இடது பக்கக் கைப்பிடி கீழே அமுங்கியே இருந்தது. நீலச் சேலைக் கிழிசலால் அதைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தாள்.

அவன் நின்று பார்த்தான். நூறு தடவை இருக்கும். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

"மே," என்று அவளைக் கூப்பிட்டான்.

அவள் திடுக்கிடவில்லை. கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"வந்துட்டியா. களி ஆச்சா?"

"அத அவுத்துரு."

"எத?"

"துணிய."

"ரெண்டு கையும் மேல வெச்சிகினா புளிய யாரு வெப்பா? வெக்கறது, ரெண்டு கைய தூக்கறது, அமுத்தறது, மறுக்கா எடுக்கறது. சுத்தியே தேவல. வியாழக்கெழம பத்து கிலோன்னு காட்னா தூக்கிகினு போயிருவாங்க."

"போவட்டும்."

"போவட்டுமா?" அவள் கையை நீட்டினாள். விரல் நுனியில் புதுத் தோல் மெல்லிசாக, ரோஜா நிறத்தில் வந்திருந்தது. "இதப் பாத்துட்டு சொல்லு."

அவன் அதைப் பார்க்கவில்லை. இடது ஆள்காட்டி விரல் நகத்தைப் பார்த்தான். நீலமாகக் கன்றியிருந்தது.

"இது என்னா?"

"சுத்தி பட்டுச்சு."

மூன்று வாரமாகச் சுத்தி பரண்மேல் கிடந்தது. இரண்டு பேருக்கும் தெரியும்.

அவன் குனிந்து முடிச்சை அவிழ்த்தான். துணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் தடுக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தார்கள். களியும் கீரைச் சாறும். அவள் கண்ணை மூடாமல் சாப்பிட்டாள்.

"கம்பெனி மிஷினு கரண்டுல ஓடுச்சு," என்றாள் தட்டைப் பார்த்தபடி. "ரிப்பேருன்னா தானா எறங்கும். இது நான் அமுத்துனாத்தான எறங்குது. என் கைய நானே நசுக்கிக்கினு இருப்பனா? சொல்லு."

அவனுக்குப் பதில் இருந்தது. இன்னும் கொஞ்சம் சாறு ஊற்றிக்கொண்டான்.

அவன் ஆட்டோடு வெளியே போனதும் சத்தம் மறுபடி மாறியது. அதே நீலச் சேலையில் வேறு துண்டு.

சாயங்காலம் பிரியதர்ஷினி போன் செய்தாள். சம்பங்கி கையில் புளி ஒட்டியிருந்ததால் போனைத் தரையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, இன்னைக்கு எவ்வளவு?"

"பதினெட்டும்மா."

"பதினெட்டா? நெஜமாவா அக்கா?"

"கை பழகிருச்சும்மா."

"எல்லாம் அண்ணன் சொன்ன ஐடியாதாங்க்கா. அந்த ரெண்டு கைப்பிடி. சார்கிட்ட சொல்லியிருக்கேன். வியாழக்கிழமை அண்ணன வீட்டுலயே இருக்கச் சொல்லுங்க."

"இருப்பாரு," என்றாள் சம்பங்கி. அவனைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை சென்னம்மாள் வந்து உட்கார்ந்தாள். மதிய வெயிலில் அவள் வீட்டுத் தகரம் கொதிக்கும். இங்கே ஓட்டுக் கூரை. சம்பங்கிக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று ஒரு மணி நேரம் ஓட்டினாள். கட்டியபடியே ஓட்டினாள். அவளுக்கும் தெரிந்திருந்தது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வீடு தள்ளியிருந்த சுகுணா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஆறு மிஷின் வந்தால் முதல் மிஷின் அவளுக்கு.

"எனக்கு வந்தாலும் இப்பிடித்தான் கட்டணுமாக்கா?"

"பச்சத் துணி கட்டிக்கோ," என்றாள் சென்னம்மாள். "நீலம் சம்பங்கி கட்சி."

குழந்தை இறங்கித் தவழ்ந்து வந்து மிஷினுக்கு அடியில் குவிந்திருந்த கொட்டைகளை அள்ளியது. சுகுணா அதன் கையைத் தட்டிவிட்டாள். சென்னம்மாள் நிறுத்தாமல் ஓட்டினாள். "ஒகட்டி, ரெண்டு, மூடு."

சிவராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

"என்னாப்பா, மொகத்த தொங்கப் போட்டுகினு குந்தியிருக்க?" என்றாள் சென்னம்மாள். "உன் ரெண்டு கைப்பிடிய ஒண்ணா ஆக்கிட்டாளேன்னு ரோசமா?"

"அதில்லத்தே."

"பின்ன? அந்தப் பொண்ணு ரெண்டு வெச்சா நமக்கு ஒண்ணு போதும். மிச்சம் ஒண்ணு அழகுக்கு."

அவன் எழுந்து நடந்தான். ஏரிக்கரை வரை போனான். ஏரியில் தண்ணீர் இல்லை. மாந்தோப்பில் யாரோ மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். புளிய மரத்து நிழலில் உட்கார்ந்தான்.

ஓசூர் பிரஸ்ஸிலும் இரண்டு பட்டன்தான். இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் இறங்கும். ஷிஃப்டுக்கு ஆயிரத்து இருநூறு பீஸ் கேட்பார்கள். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் தொள்ளாயிரம் வரும். பக்கத்து பிரஸ்காரன் வலது பட்டனைச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தான். அவனுக்கு அடுத்தவனும். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வரும்போது கூரையைப் பார்த்துக்கொண்டு போவார். சிவராஜும் கட்டினான். ஒரு நாள் மதியம் மூன்று மணிக்குப் பீஸ் அடியிலிருந்த அச்சில், டையில், ஒட்டிக்கொண்டது. வலது கையால் எடுத்தான். இடது கை பட்டனில் இருந்தது. ஆயிரம் தடவை செய்ததை இடது கை இன்னொரு தடவை செய்தது.

மிஷின் தானாக இறங்கவில்லை. ரேகை வைத்த தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது. பாதுகாப்பு பட்டனை நானே கட்டினேன் என்று.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். பிரியதர்ஷினியும் ராஜப்பன் என்பவரும். பணம் கொடுக்கிற இடத்திலிருந்து வந்தவர் அவர். ஐம்பது வயது இருக்கும். ஓசூர்க்காரர், பேச்சில் பாதி கன்னட வாடை. வெயிலில் முகம் சிவந்திருந்தது. சம்பங்கி வாசலில் தண்ணீர் தெளித்துவைத்திருந்தாள். பாய் விரித்தாள்.

"குந்துங்க சார். மோர் குடிக்கறீங்களா?"

"குடுங்கம்மா. பஸ் இல்லாத ஊரா இது?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு," என்றாள் சென்னம்மாள். "நடுவுல சாவக் கூடாது."

அவர் சிரித்தார். மோர் குடித்தார். நோட்டைப் புரட்டினார். பதினாறு, பதினெட்டு, பத்தொன்பது. "ஓட்டிக் காட்டுங்கம்மா," என்றார்.

சம்பங்கி உட்கார்ந்தாள். துணி இல்லை. இரண்டு கையாலும் அமுக்கினாள். டக். கையை எடுத்தாள், புளியை எடுத்தாள், வைத்தாள், இரண்டு கையையும் தூக்கினாள். டக். அரை மணி நேரம் ஓட்டினாள். பிரியதர்ஷினி தராசில் வைத்தாள். அரைக் கிலோகூட இல்லை. இரண்டாம் தடவையும் வைத்துப் பார்த்தாள்.

"ஏங்க்கா இன்னைக்கு இவ்வளவு கம்மி?"

"ஆளுங்க பாத்தா கை ஓடல," என்றாள் சம்பங்கி.

"எனக்கும் அப்பிடித்தாங்க," என்றாள் சென்னம்மாள். "பாத்துகினு இருந்தா எச்சிகூட முழுங்க வராது."

ராஜப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பரவால்ல. மூணு நாள் கணக்கு இருக்கில்ல. அதுவே போதும்." பையிலிருந்து தாளை எடுத்தார். "ஆறு வீடு எதுன்னு பேர் மட்டும் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"சுகுணா," என்றாள் பிரியதர்ஷினி. "மொதல்ல அவங்க வீடு. சின்னக் குழந்த இருக்கு, வெளிய வேலைக்குப் போக முடியாது."

சுகுணா வாசலில் நின்றிருந்தாள். குழந்தை அவள் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. இப்போதுதான் நிற்கப் பழகியிருந்தது. மிஷின் தகடு அதன் நெஞ்சு உயரத்தில் இருந்தது.

சிவராஜ் எழுந்து வந்தான். மிஷினுக்கு எதிரே குந்தினான். சட்டைப் பையிலிருந்து நீலத் துணியை எடுத்தான்.

"இந்தா," என்றாள் சம்பங்கி. மெதுவாகச் சொன்னாள். "வேணாம்."

அவன் இடது கைப்பிடியைக் கீழே அமுக்கி வலது முழங்கையால் பிடித்துக்கொண்டான். துணியைச் சட்டத்தில் சுற்றினான். ஒரு முனையைப் பல்லில் கடித்து, இடது கையால் இன்னொரு முனையை இழுத்தான். மிச்சமிருந்த இரண்டு விரலால் உள்ளே கோத்து இறுக்கினான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சம்பங்கி போட்டதைவிட நல்ல முடிச்சு.

"இப்ப ஓட்டச் சொல்லுங்க," என்றான். "பத்தொம்பது வரும்."

பிரியதர்ஷினி முடிச்சைப் பார்த்தாள். பிறகு சம்பங்கியின் நகத்தைப் பார்த்தாள்.

"இவங்களுக்கு நீங்கதான் கட்டிக் குடுத்தீங்களா?" என்று ராஜப்பன் கேட்டார்.

"இல்லீங்க. அவளே கண்டுபுடிச்சா. யாரும் சொல்லித்தர வேணாம் சார். ரெண்டு கையும் கேக்கற மிஷின்ல கிலோவும் கேட்டா கட்டத்தான் செய்வாங்க."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவன் வலது கையை மிஷின்மேல் வைத்தான்.

"நானும் கட்டுனேன். ஓசூர்ல. அது ரிப்பேரு மிஷின் இல்ல. நல்ல மிஷினு."

சம்பங்கி தலையைத் தூக்கினாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணா," என்றாள் பிரியதர்ஷினி. குரல் இறங்கியிருந்தது. "ரெண்டு கைப்பிடி வைக்கச் சொன்னீங்களே, அன்னைக்கே இதையும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்."

முடிச்சைத் தடவிக்கொண்டே, "நீங்க எம் பேர எழுதிக்கினீங்க. அதுக்கப்பறம் வாய் வரல," என்றான்.

ராஜப்பன் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். கோபம் இல்லை. இப்படிப் பல ஊர்களில் மடித்து வைத்தவர் மாதிரி இருந்தார். "மிஷின் இங்க இருக்கக் கூடாது. குழந்தைங்க இருக்கற தெரு. எடுத்துட்டுப் போய் வேற மாதிரி பண்ணிட்டு வரட்டும். அடுத்த சீசன் பாக்கலாம்."

"அடுத்த சீசன்னா?" என்றாள் சம்பங்கி.

"அடுத்த மாசியிலம்மா."

டெம்போ வந்தது. டிரைவரும் சிவராஜும் மிஷினைத் தூக்கினார்கள். கால் இல்லாததால் பிடிக்க இடம் இல்லை, சாய்த்து ஏற்றினார்கள். நீலத் துணி அதிலேயே இருந்தது. பிரியதர்ஷினி அதை அவிழ்க்கவில்லை. முடிச்சைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

"காலால மிதிக்கற மாதிரி பண்ணா கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும் இல்லண்ணா?" என்று டெம்போவில் ஏறும் முன் கேட்டாள்.

அவன் யோசித்தான். "ரெண்டு கையும் உள்ள போவும்."

அவள் தலையாட்டினாள். நோட்டைத் திறக்கவில்லை.

"அடுத்த மிஷின் பண்ணதும் மொதல்ல உங்ககிட்டதான் கொண்டு வருவேன். எங்க கட்டுவீங்கன்னு காட்டணும்."

"காட்றேன்," என்றான்.

தெரு காலியானது. சுகுணா குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவனைப் பார்க்காமல் போனாள். சென்னம்மாள் மட்டும் தன் வாசலில் நின்று உரக்கச் சொன்னாள்.

"ரெண்டு வருசமா வாயத் தொறக்காத மனுசன். தொறந்த அன்னிக்கு மிஷினே போயிருச்சு."

சம்பங்கி பரணிலிருந்து சுத்தியை இறக்கினாள். கல்லை இழுத்துப் போட்டாள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மிஷின் இருந்த இடத்தில் தரை சதுரமாக வெளுத்திருந்தது. மூட்டையில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. சனிக்கிழமை வண்டி வந்துவிடும்.

அவன் களி கிண்டினான். தட்டில் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். அவள் தொடவில்லை. தட்டிக்கொண்டே இருந்தாள். வெயில் இறங்கி வாசற்படி வரை வந்தது. களி மேலே காய்ந்து தோல் கட்டியது. அவன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான்.

"எதுல கட்டுன?" என்றாள்.

அவனுக்கு உடனே புரிந்தது.

"டியூப்ல. சைக்கிள் டியூபு."

"யாரு காட்டிக் குடுத்தா?"

"யாருமில்ல. பக்கத்துல பாத்தேன்."

"எத்தினி நாளா?"

"பதினோரு மாசம்."

அவள் மூன்று புளி தட்டினாள்.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வருவ. வேல எப்பிடிப் போவுதுன்னு கேப்பேன். நல்லா ஓடுதுன்னு சொல்லுவ."

"நல்லாத்தான் ஓடுச்சு."

"ரெண்டு வருசமா அவன திட்டிகினு இருந்தேன். நீ கேட்டுகினு இருந்த."

அவள் சுத்தியைக் கல்மேல் வைத்தாள். இடது கைத் துணியை அவிழ்த்தாள். புதுத் தோல் இரண்டு இடத்தில் மறுபடி பிளந்திருந்தது. அதை வாயருகே வைத்து ஊதினாள். திரும்பச் சுற்றப் போனாள். துணி ஈரமாக இருந்தது, நிற்கவில்லை.

சிவராஜ் நகர்ந்து வந்தான். கல்லுக்கு எதிர்ப்பக்கம் குந்தினான். மூட்டையிலிருந்து ஒரு புளியை எடுத்தான். வலது கையின் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே அது சரியாக உட்கார்ந்தது. தழும்பில் புளிப்பு பட்டதும் முகம் சுருங்கியது. கல்மேல் வைத்துப் பிடித்தான்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். சுத்தியை எடுத்தாள், ஓங்கவில்லை.

"வெச்சிட்டு கைய எடுத்துரணும்," என்றாள். "நான் சொன்னாத்தான் மறுக்கா வெக்கணும்."

"சரி."

"நான் சொல்லாம வரக் கூடாது."

"சரி மே."

அவன் புளியைக் கல்லின் நடுவில் வைத்தான்.

"எடு," என்றாள்.

எடுத்தான். சுத்தி விழுந்தது. கொட்டை தெறித்துச் சுவரோரம் போனது.

"வெய்."

வைத்தான்.

"எடு."

சுவருக்கு அந்தப் பக்கம் சென்னம்மாள் தட்டுகிற சத்தம் வேகமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று அடிக்கு இங்கே ஓர் அடி. இந்தக் கணக்கில் நாளைக்கு ஐந்து கிலோகூட வராது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"வெய்," என்றாள்.